எச்பி-யுஎக்ஸ் சர்வரில் 0/1/1/0.1.0 என்ற முகவரி எந்த டிஸ்க்கைக் குறிக்கிறது?

கேள்வி: அகல்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் எச்பி-யுஎக்ஸ் (எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸ் இயக்கமுறைமை) 11ஐ பதிப்பு 2 ஓடுகின்ற இடானியம் ப்ராசஸர் சர்வர் ஒன்றை நான் கவனித்துக்கொள்கிறேன். முன்பக்கத்தில் மூன்று டிஸ்க்குகள் உள்ளன. அவற்றில் இரண்டின் மீது விஜி00 என்ற வால்யூம் குரூப் (டிஸ்க்குகளின் தொகுப்பு) மிரர் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது ஒரே தரவு இரண்டிலும் இருக்கிறது. நேற்று இரவிலிருந்து, பிவிலிங்க் (டிஸ்க்குக்கான இணைப்பு) 31, ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 021002 செயலிழந்தது என்று டிஸ்க்குகளை நிர்வகிக்கும் எல்விஎம், சிஸ்லாக்கில் (கணினியின் பதிவேட்டில்) எழுதிக்கொண்டே இருக்கிறது. வன்பொருளைப் பட்டியலிடும் ஐஓஸ்கேன் கட்டளையோ 0/1/1/0.1.0 என்ற முகவரிக்கு நேராக ‘நோ_எச்டபிள்யூ’ (வன்பொருள் இல்லை) என்று காட்டுகிறது. வால்யூம் குரூப்பைக் காட்டும் விஜிடிஸ்பிளே கட்டளையில் பார்த்தால் சி2டி1டி0எஸ்2 என்ற பெயர் வருகிறது.

இம்மூன்றும் ஒரே டிஸ்க்கைத்தான் குறிக்கின்றனவா? சி2 என்பதை மூன்றாவது கன்ட்ரோலர் என்று எடுத்துக்கொள்ளலாமா? மாற்று டிஸ்க் கையில் இருக்கிறது. ஆனால் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் சர்வரே நின்றுவிடும் என்பதால், எதை உருவுவது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி: பழைய முனையம்

மூன்றும் ஒரே டிஸ்க்தான். முதலில் 0/1/1/0.1.0 என்பதை எடுத்துக்கொள்வோம். இது டிஸ்க் செருகப்பட்டிருக்கும் இடத்தின் எண் அன்று. ப்ராசஸரிலிருந்து அந்த டிஸ்க் வரை கர்னல் (இயக்கமுறைமையின் மையப்பகுதி) செல்லும் வழி. முதல் 0 சிஸ்டம் பஸ் (தரவுப் பாதை) அடாப்டர், அடுத்த 1 அதன் கீழுள்ள லோக்கல் பஸ் அடாப்டர், அதற்கடுத்த 1/0 பிசிஐ சாதன எண்ணும் ஃபங்ஷன் எண்ணும். சாய்கோடுகள் அத்துடன் முடிகின்றன. புள்ளி வந்த பிறகு கார்டைத் தாண்டி ஸ்கஸி கேபிளுக்குள் நுழைந்துவிட்டீர்கள்: .1 டார்கெட் (கேபிளில் சாதனத்தின் எண்), .0 லன் (அந்தச் சாதனத்துக்குள் உள்ள அலகின் எண்). செல் போர்டுகள் கொண்ட பெரிய சர்வர்களில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செல்லின் எண் ஒன்று கூடுதலாக வரும். ஆகவே ஒரு சர்வரின் முகவரியை வைத்து இன்னொரு மாடலின் முகவரியைப் படிக்கக் கூடாது.

சி2டி1டி0 என்பதில் நடுவிலுள்ள ‘டி’ டார்கெட்டையும் கடைசி ‘டி’ லன்னையும் குறிக்கும். அவை முகவரியின் கடைசி இரு எண்களே. சி2 மட்டும் முகவரியில் எங்கும் இல்லை. அது ஸ்லாட் எண்ணும் அன்று, கன்ட்ரோலரின் வரிசை எண்ணும் அன்று. கர்னல் ஒவ்வொரு பஸ்ஸையும் முதன்முறை கண்டபோது கொடுத்த இன்ஸ்டன்ஸ் எண்தான் அது. உங்கள் சர்வரில் 0, 1 ஆகிய எண்களைப் பெரும்பாலும் டிவிடி இயக்கிக்கான ஐடிஇ பஸ்கள் பிடித்துக்கொண்டிருக்கும். ஐஓஸ்கேன் கட்டளையை எக்ஸ்ட்_பஸ் (வெளிப்புற பஸ்) வகைக்கு மட்டும் ஓட்டினால், 0/1/1/0 என்ற வழிக்கு நேரே இன்ஸ்டன்ஸ் 2 என்று இருப்பதைக் காணலாம். இந்த எண்கள் ஐஓகான்ஃபிக் கோப்பில் பதிவாகி, ரீபூட் செய்தாலும் மாறாமல் இருக்கின்றன. எனவே கார்டுகளைப் பின்னாளில் சேர்த்த ஒரு சர்வரில் ஒரே மாதிரியான வன்பொருளுக்கு வேறு சி எண் வருவது இயல்பு.

சிஸ்லாக் செய்தியில் 31 என்பது டிஸ்க் டிரைவரின் மேஜர் எண் (எந்த டிரைவர் என்று கர்னலுக்குச் சொல்லும் எண்). 021002 என்பதை இடமிருந்து பிரித்துப் படியுங்கள்: 02 இன்ஸ்டன்ஸ், 1 டார்கெட், 0 லன், கடைசி 02 இடானியம் டிஸ்க்கின் எஸ்2 பார்டிஷன். இது ஹெக்ஸ் எண் என்பதை மறக்க வேண்டாம். டார்கெட் 10 என்றால் இங்கே ‘ஏ’ என்று வரும், வன்பொருள் முகவரியிலோ 10 என்றே வரும். மனக்கணக்கில் நம்பிக்கை இல்லாவிட்டால் எல்எஸ்எஸ்எஃப் கட்டளைக்கு டிவைஸ் கோப்பின் பெயரைக் கொடுங்கள். கார்டு இன்ஸ்டன்ஸ், டார்கெட், லன், முகவரி அனைத்தையும் ஒரே வரியில் சொல்லிவிடும்.

மறுமொழி: தீவட்டி

மேலே சொன்னதுடன் இரண்டு செய்திகள். ஐஓஸ்கேனை ‘கே’ விருப்பத்துடன் ஓட்டியிருந்தால் அது கர்னலின் நினைவில் இருப்பதை மட்டுமே காட்டும்; அந்த விருப்பம் இல்லாமல் மீண்டும் ஓட்டி, ‘நோ_எச்டபிள்யூ’ அப்போதும் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, உருவுவதற்கு முன் விளக்கைப் பார்ப்பது. உயிரோடிருக்கும் டிஸ்க்குகள் ஒவ்வொன்றின் ரா டிவைஸிலிருந்தும் டிடி கட்டளையால் படித்து, நல் டிவைஸுக்கு (எழுதுவதையெல்லாம் கைவிட்டுவிடும் வெற்று டிவைஸ்) அனுப்புங்கள். எந்த டிஸ்க்கின் விளக்கு விடாமல் மினுங்குகிறதோ அதில் ஒரு துண்டுத் தாளை ஒட்டுங்கள். இரண்டில் தாள் ஒட்டிய பிறகு எஞ்சி நிற்பதுதான் நீங்கள் தேடும் டிஸ்க். டிடி கட்டளையில் ஐஎஃப் (எங்கிருந்து படிப்பது), ஓஎஃப் (எங்கே எழுதுவது) இரண்டையும் இடம் மாற்றித் தட்டினால் இருக்கும் நல்ல டிஸ்க்கும் அழிந்துவிடும் என்பதால், என்டர் விசையை அழுத்துமுன் அந்த வரியை இன்னொருவரிடம் காட்டிவிடுங்கள். இயக்கமுறைமை டிஸ்க் என்பதால், புதியதைச் செருகிய பின் பார்டிஷன் அமைப்பதும் பூட் பகுதியை எழுதுவதும் மிரரை ஒத்திசைக்கும் விஜிசிங்க் கட்டளையை ஓட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அகல்

மிக்க நன்றி. விளக்கை வைத்துப் பார்த்ததில் நடு டிஸ்க் மட்டும் இருண்டிருந்தது. அதை மாற்றி, மிரர் ஒத்திசைவும் முடிந்துவிட்டது. ஒரு துணைக்கேள்வி: எங்களது இன்னொரு சர்வரில் பதிப்பு 3 ஓடுகிறது. அங்கே சேமிப்பகத்தில் லன் 21 என்று ஒதுக்கிய டிஸ்க், 0/4/1/0.1.19.0.0.2.5 என்று ஓரிடத்திலும் 64000 என்று தொடங்கும் முகவரியில் இன்னோரிடத்திலும் தெரிகிறது. இதில் 21 எங்கே போயிற்று?

மறுமொழி: பழைய முனையம்

21 அங்கேயேதான் இருக்கிறது. சேமிப்பகத்தை இணைக்கும் ஃபைபர் சேனலில் கார்டின் முகவரிக்குப் பிறகு வரும் 1.19.0 என்பது சுவிட்சின் டொமைன், ஏரியா, போர்ட். அதன் பின்னுள்ள 0.2.5 ஒரு கற்பனை ஸ்கஸி பஸ், டார்கெட், லன். பழைய முறையில் ஒரு டார்கெட்டுக்கு 8 லன்களுக்கு மேல் இடமில்லாததால், சேமிப்பகத்தின் லன் எண்ணைக் கர்னல் இப்படிப் பிரித்து வைக்கிறது: 2 × 8 + 5 = 21. லன் எண் 128-ஐ எட்டினால் கற்பனை பஸ் 1 ஆகும்.

2007இல் வந்த பதிப்பு 3, டிஸ்க்கை அதன் உலகளாவிய அடையாள எண்ணால் அறிகிறது. 64000 என்று தொடங்குவது, எத்தனை கேபிள் வழிகள் இருந்தாலும் அந்த ஒரு லன்னுக்கு உரிய ஒரே முகவரி. டிஸ்க்14 போன்ற புதிய டிவைஸ் கோப்புகள் அதனுடன்தான் பிணைக்கப்பட்டுள்ளன, கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினாலும் பெயர் மாறாது. ஐஓஸ்கேனை ‘எம்’ விருப்பத்துடன் டிஎஸ்எஃப் (டிவைஸ் கோப்பு) என்று கேட்டால் புதிய பெயருக்கு நேரே பழைய சி-டி-டி பெயர்கள் அனைத்தையும் வரிசையாகத் தரும். அந்தப் பட்டியலை இப்போதே அச்சிட்டு சர்வர் ரேக்கின் கதவில் ஒட்டிவையுங்கள்.