புதன்கிழமைக்கு மட்டும் ஏன் ரெண்டு மூலை?

மல்லி, ரங்கூன்

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான், சிரிக்காதீங்க.

போன ஞாயித்துக்கிழமை எங்க ஆயாவையும் என் பையனையும் கூட்டிக்கிட்டு ஷ்வேடகான் பயா, அதான் நம்ம ஊர்ப் பெரிய புத்தர் கோயிலுக்குப் போயிருந்தேன். ஆயா அம்மனுக்கு ஒரு செவ்வாய் தவற மாட்டாங்க, அதே மாதிரி பயாவுக்கும் மாசத்துக்கு ஒரு தடவை போயே ஆகணும். நம்ம பர்மாத் தமிழாளுங்க பாதிப் பேர் அப்படித்தானே. பொறந்த கிழமை மூலையில இருக்கிற புத்தருக்கு வயசுக்கு ஒரு கிண்ணம், மேல ஒரு கிண்ணம்னு தண்ணி ஊத்துறது அவங்க கணக்கு. 81 முடிஞ்சாச்சு, ஆக 82 கிண்ணம். கை நடுங்குதுன்னு இப்பல்லாம் ஊத்துற வேலை என் பையனுக்கு.

நாப்பதாவது கிண்ணத்துல அவன் நிறுத்திட்டான். "அம்மா, வாரத்துக்கு ஏழு நாள்தானே? இங்க எட்டு மூலை இருக்கு. எட்டாவது மூலை யாருக்கு?" எட்டு வயசுப் பிள்ளைக்கு வேலை செய்ய அலுப்பு வந்தா இப்படித்தான் கேள்வியா வரும். ஆனா எனக்குப் பதில் தெரியல. மூலைக்கு ஒரு மிருகம் உண்டு, புதன்கிழமைக்கு மட்டும் ரெண்டு மூலை, காலையில பொறந்தா தந்தம் வெச்ச யானை, மத்தியானத்துக்கு மேல பொறந்தா தந்தமில்லாத மோழை யானை, அதுக்குப் பேரு ராகு, பர்மியர் வாயில யாஹு. இவ்வளவுதான் சொல்ல முடிஞ்சுது. "ஏன் புதன்? ஏன் வெள்ளிக்கிழமையை வெட்டல?"ன்னான். நான் பேசாம கிண்ணத்தை வாங்கி மீதியை ஊத்திட்டேன்.

ஆயா அந்த ராகு மூலைக்காரிதான். பொறந்தது புதன்கிழமை பகல் 1.20. பர்மியப் பேருக்கு முதல் எழுத்து பொறந்த கிழமையைப் பொறுத்தது, பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வாத்தியாரம்மா அதைக் கேட்டுத்தான் "யீ"ன்னு தொடங்குற பர்மியப் பேரை வெச்சாங்களாம். யாராவது ஏன்னு சொல்லுங்க, பையன் தினமும் நச்சரிக்கிறான்.

---

தெக்குவாசல்காரன், ரங்கூன்

தங்கச்சி, நான் அந்தப் பயாவோட தெக்கு வாசல்லதான் இருபது வருஷமா டாக்சி நிறுத்துறேன். வர்றவன் போறவன் எல்லாம் இதைத்தான் கேப்பான்.

நாள் ஏழு, திசை எட்டு. ஒரு திசை மிச்சப்படும். அந்த மிச்சத்துக்கு ராகுவைக் கொண்டாந்து வெச்சாங்க. ஞாயிறு முதல் சனி வரைக்கும் எண்ணிப் பாருங்க, புதன் நாலாவது, நட்ட நடு. வெட்டணும்னா நடுவுலதானே வெட்டுவோம், இது என் கணக்கு. தாய்லாந்திலேயும் புதனைத்தான் வெட்டுறாங்க, பகல் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அங்க ராத்திரிப் புதன்தான் ராகு.

மூலை வரிசை பையனுக்குச் சொல்லிக் குடுங்க: கிழக்கு திங்கள், தென்கிழக்கு செவ்வாய், தெற்கு புதன், தென்மேற்கு சனி, மேற்கு வியாழன், வடமேற்கு ராகு, வடக்கு வெள்ளி, வடகிழக்கு ஞாயிறு. பாருங்க, கிழமை வரிசையில சுத்தி வராது. அதான் வெளியூர்க்காரங்க அங்க வந்து முழிக்கிறது.

---

சின்னப்பய, பெகு

எட்டாவது நாளைப் பத்தி எங்க முதலாளி காதுல போட்டுடாதீங்க. அன்னைக்கும் வேலைக்கு வரச் சொல்லுவாரு.

நான் வெள்ளிக்கிழமை. எல்லாருக்கும் புலி, சிங்கம், கருடன், நாகம். எனக்கு மட்டும் வளைக்குள்ள கெடக்குற பெருச்சாளி மாதிரி ஒண்ணு. கினிப் பன்றியாம். யார்கிட்ட முறையிடுறது?

---

மோல்மீன் கிழவன், மோல்மீன்

அம்மா மல்லி, மத்தவங்க மூலையைப் பத்திச் சொல்லிட்டாங்க. எனக்கு உன் ஆயாவோட மணிமேலதான் சந்தேகம்.

81 வயசுன்னா பொறந்தது 1944 வாக்குல. அப்ப இங்க ஜப்பான்காரன் ஆட்சி. 1942 மார்ச் 8ஆம் தேதி ரங்கூனுக்குள்ள வந்தான், 1945 மே மாசம் வெள்ளைக்காரன் திரும்பி வர்ற வரைக்கும் இருந்தான். வந்ததும் கடிகாரத்தையும் பிடிச்சுக்கிட்டான். அவன் பிடிச்ச நாடுங்கள்ல பெரும்பாலும் தோக்கியோ மணிதான். சிங்கப்பூர், மலாயா, நாம, எல்லாம் ஒண்ணு.

பர்மா மணி கிரீன்விச்சுக்கு ஆறரை மணி நேரம் முந்தி. தோக்கியோ மணி ஒன்பது மணி நேரம் முந்தி. ரெண்டரை மணி நேர வித்தியாசம். எங்க அப்பா சொல்லுவாரு, "அப்பல்லாம் ஒன்பது மணிக்குத்தான்டா விடியும்"னு. சின்ன வயசுல நான் அதை ஏதோ கிரகணக் கதைன்னு நெனைச்சேன். கணக்குப் போட்டா சரியா வருது. மார்ச் மாசம் இங்க சூரியன் கிளம்புறது ஆறேகாலுக்கு மேல. ரெண்டரையைக் கூட்டு.

இப்ப உன் ஆயா விஷயத்துக்கு வா. கடிகாரத்தில 1.20ன்னு பார்த்து எழுதியிருந்தா, நம்ம மணிக்கு அது காலை 10.50. பத்தே முக்காலுக்குப் பொறந்தவ எப்படி ராகு ஆவா? அவ புதன். தந்தமுள்ள யானை. எண்பது வருஷமா வேற யானைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கா.

ஆனா ஒண்ணு. கிராமத்துல பல பேரு சூரியனைப் பார்த்துத்தான் நேரம் சொன்னாங்க. தோக்கியோ மணி ஆபீசுக்கும் ரயிலுக்கும்தான். நேரம் குறிச்சவர் யாரு, எந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் குறிச்சாரு, அதைக் கேட்டுச் சொல்லு.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். அந்த ஆறரை மணிக்கு ஆதாரம் 97½ டிகிரி தீர்க்கரேகை. எங்க மோல்மீன் ஏறக்குறைய அந்தக் கோட்டுமேலதான் உட்கார்ந்திருக்கு. ரங்கூன் மேற்கே தள்ளி. 1920க்கு முன்னாடி ரங்கூனுக்குத் தனி மணி இருந்துது, 6 மணி 24 நிமிஷம் 47 விநாடின்னு. ஆக, ரங்கூன்காரங்க கையில ஓடுறது எங்க ஊர் மணி. இதை யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

---

மல்லி, ரங்கூன்

ஐயா, நீங்க எழுதினதைப் படிச்சதிலேருந்து எனக்குத் தூக்கம் போச்சு.

நேரம் குறிச்சவர் ஆயாவோட அப்பா. ரங்கூனுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிரியத்துல அரிசி ஆலைக் கிராணி, அதான் கணக்கு எழுதுறவர். ஆலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதணும்னு பார்க்கிறதும் அவர் வேலைதான். அதுக்காக ஒரு சங்கிலிக் கடிகாரம் வெச்சிருந்தாராம். 1942ல ஜப்பான்காரனுக்குப் பயந்து ஊரே அசாமுக்கு நடக்கக் கிளம்பினப்ப இவங்க மட்டும் போகல, ஆயாவோட அம்மாவுக்கு மசக்கை. வழியில செத்தவங்க கதையெல்லாம் பிற்பாடு கேட்டப்ப, வயித்துல இருந்த பிள்ளைதான் குடும்பத்தைக் காப்பாத்திச்சுன்னு சொல்லுவாங்களாம். அந்தப் பிள்ளைதான் எங்க பெரிய தாத்தா, ஆயாவோட அண்ணன்.

அவர் கைப்பட எழுதின நோட்டு எங்க அலமாரியில இருக்கு. கடன் கணக்கு, நெல்லு மூட்டைக் கணக்கு நடுவுல பிள்ளைங்க பொறந்ததும் இருக்கும். நேத்து ராத்திரி எடுத்துப் பார்த்தேன். ஆயாவுக்கு இப்படி எழுதியிருக்காரு: "சுபானு வருஷம் மாசி மாதம், 1944 மார்ச்சு 8, புதவாரம், மணி 1.20, பெண் மகவு, சுகம்." பகல்னு கூட போடல. நாங்கதான் பகல்னு சேர்த்துச் சொல்லிக்கிட்டு வந்திருக்கோம்.

இதுல ஒண்ணும் தெரியலையேன்னு முன் பக்கத்தைத் திருப்பினேன். பெரிய தாத்தா பொறந்தது: "சித்திரபானு கார்த்திகை, சனிவாரம், மணி 8, விளக்கு வைக்கிற வேளை."

எட்டு மணிக்கு விளக்கு வைப்பாங்களா? கார்த்திகையில நம்ம ஊர்ல அஞ்சரைக்கே இருட்டிடும். எங்க வீட்டுல அதுக்கு முன்னாடியே திரி போட்டுடுவோம். அந்தப் பக்கத்தை நான் சின்ன வயசுலேருந்து எத்தனை தடவை பார்த்திருக்கேன், ஒரு தடவை கூட இது உறைக்கல. அஞ்சரையும் ரெண்டரையும் எட்டு. விரல் விட்டு எண்ணிட்டு நானும் என் பையனும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

அப்ப அவர் கடிகாரம் ஜப்பான் மணிதானே ஐயா?

---

மோல்மீன் கிழவன், மோல்மீன்

வேற என்ன வேணும்? ஆலைச் சங்கு ஊதினவர், சர்க்கார் மணி வெச்சுத்தான் ஆகணும். விளக்கு வைக்கிற வேளைன்னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதினாரு பாரு, அந்த மனுஷனுக்கே அந்த எட்டு மணி பொருந்தாம உறுத்தியிருக்கு. நல்ல கிராணி.

---

பஞ்சாங்கப் பிரியை, தட்டோன்

மல்லி அக்கா, ஆயா ஜாதகத்தை உடனே திருத்தி எழுதச் சொல்லுங்க. லக்னம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ராசி நகரும். ரெண்டரை மணி நேரம் பின்னால போனா லக்னம் ஒண்ணாவது மாறும். நட்சத்திரம் அநேகமா மாறாது, சந்திரன் நிதானமா நகர்றவர்.

தெக்குவாசல் அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். நம்ம ராகு காலத்தையும் இவங்க ராகுவையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. நம்ம ராகு தினமும் வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போறவர். இவங்க ராகுவுக்கு வாரத்துல ஒரே நாள், ஆனா அரை நாளைச் சொந்தமாவே குடுத்துட்டாங்க. ஆனாலும் ஆச்சரியம் பாருங்க, நம்ம பஞ்சாங்கமும் பகலை எட்டாத்தான் பிரிக்குது. 12 மணி நேரத்தை எட்டால வகுத்தாத்தான் அந்த ஒன்றரை வரும். புதன்கிழமை ராகு காலம் எப்போ? பகல் 12லேருந்து 1.30. பர்மியர் ராகு தொடங்குற அதே உச்சிவேளை. ஆயாவுக்கு 1.20ன்னு வெச்சிருந்தப்ப ரெண்டு கணக்குலயும் ராகுகிட்ட மாட்டியிருந்தாங்க. பாவம்.

இப்ப 10.50ன்னா குளிகை. புதனுக்கு 10.30லேருந்து 12. குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும்னு சொல்லுவாங்க. ஆயா சொன்ன கதையையே திரும்பச் சொல்லுவாங்களா?

"சூரியன் உச்சியில இருந்துச்சா, கடிகாரத்துல 12 அடிச்சிச்சா, எதை எடுத்துக்கிறது"ன்னு யாராவது கிளம்புறதுக்குள்ள நானே சொல்லிடுறேன். மார்ச் ஆரம்பத்துல ரங்கூன்ல சூரியன் உச்சிக்கு வர 12.15 ஆயிடும். 10.50 எப்படிப் பார்த்தாலும் முற்பகல்தான்.

அந்தக் காலத்துல மணியை நகர்த்தினது ஜப்பான்காரன் மட்டுமில்ல. இந்தியாவிலயும் 1942லேருந்து 1945 வரைக்கும் போருக்காக ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சிருந்தாங்க. தமிழ்நாட்டுல அப்பப் பொறந்த தாத்தா பாட்டி ஜாதகத்தையெல்லாம் எடுத்தா எத்தனை லக்னம் ஆடுமோ.

---

சின்னப்பய, பெகு

ஆயா பேரையும் மாத்தணுமே. ராகுவுக்கு ய, ர. புதனுக்கு ல, வ. அடையாள அட்டை ஆபீசுல போய் "ஜப்பான்காரன் கடிகாரம் தப்பு சார்"னு சொல்லிப் பாருங்க. எனக்கு வேடிக்கை பார்க்க ஆசை.

---

மல்லி, ரங்கூன்

இன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தப்ப ஆயாகிட்ட மெதுவாச் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். அப்பா எழுத்தைத் தடவிப் பார்த்தாங்க, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அப்ப நான் ராகு காலத்துல பொறக்கலையா?"ன்னாங்க. இல்லைன்னேன். "அதைச் சொல்லித்தான்டி என் மாமியா என்னைக் கடைசி வரைக்கும் குத்திக்கிட்டு இருந்தா"ன்னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு. அந்தம்மா போயி முப்பது வருஷம் ஆச்சு, இல்லாட்டி நோட்டைத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பாங்க.

அந்த மாமியார் கதையை மறுபடி முதல்லேருந்து சொன்னாங்க. தட்டோன் தங்கச்சி, குளிகை உண்மைதான் போல.

பேரை மாத்த மாட்டாங்களாம். மூலையையும் விட மாட்டாங்களாம். "ஜப்பான்காரன் போய் எண்பது வருஷம் ஆச்சு, அவன் மணிக்காக நான் இப்ப யானை மாத்தணுமா? இத்தனை வருஷம் தண்ணி வாங்கின மோழை, திடீர்னு நான் வரலைன்னா தேடாதா?" ஆனா தந்தமுள்ளதையும் பட்டினி போட மனசில்ல. யோசிச்சு யோசிச்சு, அடுத்த தடவை ரெண்டு மூலையிலயும் ஊத்திடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. 82ம் 82ம் 164 கிண்ணம்.

பையன் இப்பவே வயித்து வலின்னு படுத்துட்டான்.