மறு: ரிலேட்டிவ் சீ லெவல் ரைஸ் - தமிழில் எப்படி?

வணக்கம் ஐயா,

> 'சார்புக் கடல்மட்ட உயர்வு' என்றே வைத்துக்கொள்ளலாமே. சார்புத் திசைவேகம் என்று எழுதுகிறோமே.

எழுதுகிறோம்தான். ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்கில் சார்பு என்றால் ஃபங்ஷன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; எதைச் சார்ந்து என்று சொல்லாமல் விடுகிறதே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ரிலேட்டிவ் சீ லெவல் என்பது கரை நிலத்தை வைத்துப் பார்க்கும் கடல்மட்டம்.

டைடு கேஜ் எனும் ஓதமானியைத் துறைமுகச் சுவரிலோ தூணிலோ பொருத்துவார்கள். பழைய வகையில் குழாய்க்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்குவதைக் கரையில் உள்ள மட்டக்குறியோடு வைத்துக் கணக்கிடுவார்கள். தண்ணீர் ஏறினாலும் அளவு கூடும், தூண் நிற்கும் தரை இறங்கினாலும் அளவு கூடும். இரண்டில் எது என்று அந்தக் கருவி சொல்லாது.

இதில் செல்சியஸே தடுமாறியிருக்கிறார் (வெப்பமானிக்காரர்தான்). சுவீடனின் யேவ்லே நகருக்கு அருகே ஒரு கடற்பாறையில் 1731இல் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தார். குறிக்கும் தண்ணீருக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும் அல்லவா? கடல் வற்றி வருகிறது என்பது அவர் முடிவு. உண்மையில் மேலே வந்துகொண்டிருப்பது நிலம். பனியூழியில் அந்தப் பகுதியை அழுத்திய பெரும்பனி உருகிப்போனதால், சுமை இறங்கிய தரை இன்றும் எழும்பிக்கொண்டிருக்கிறது. உலகக் கடல் உயரும் இந்தக் காலத்திலும் அந்தக் கரையில் தண்ணீர் பின்வாங்குகிறது. ஆகவே சொல்லில் 'உயர்வு' என்று பூட்டிவிடக் கூடாது. என் பரிந்துரை 'நிலஞ்சார் கடல்மட்டம்'. பின்னால் உயர்வோ தாழ்வோ ஒட்டிக்கொள்ளலாம்.

ஜகார்த்தா இதற்கு நேர் எதிர். குழாய்த் தண்ணீர் போதாமல் ஊரே ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சியது. நீரின் அழுத்தம் போனதும் அடியிலுள்ள களிமண் படுகைகள் நசுங்கின. நசுங்கிய களி பழையபடி உப்பாது. வடக்கு ஜகார்த்தாவில் சில இடங்கள் ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் இறங்கியிருக்கின்றன. உலகக் கடலின் சராசரி ஏற்றமோ, 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்கிறது ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி. அந்த ஊரைப் பற்றி எழுதும்போது வெறுமனே 'கடல்மட்டம் உயர்ந்தது' என்றால் பழி முழுக்கக் கடல்மேல் விழுகிறது, கிணறு தப்பித்துக்கொள்கிறது. அதற்காக வெப்பமயமாதலைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1971 முதல் 2018 வரை உலகக் கடல் உயர்ந்ததில் ஏறக்குறைய பாதி, தண்ணீர் சூடேறி விரிந்ததால் வந்தது. மீதியில் பெரும்பங்கு நிலத்தின் மேலிருந்த பனி உருகியது. மிதக்கும் பனி இந்தக் கணக்கில் சேராது.

> கடற்கோள் என்ற அருமையான சொல் இருக்க, புதிதாக எதற்கு?

அருமைதான், ஆனால் ஊரை ஒரே வாயில் விழுங்கினால்தான் கோள். 2004க்குப் பிறகு சுனாமிக்கே அதைச் சொல்பவர்கள் உண்டு. ஆண்டுக்கு சில மில்லிமீட்டர் ஏறுவதற்கு அது பொருந்தாது.

தரை தாழ்ந்துபோகும் சப்சிடன்ஸுக்கு 'நில அமிழ்வு' வேண்டாம். அமிழ்வதற்குத் தண்ணீர் வேண்டும். மெக்சிகோ நகரம் கடலே இல்லாமல் இறங்குகிறது. கொத்தனார் 'அஸ்திவாரம் இறங்கிடுச்சு' என்கிறாரே, அதை எடுத்து 'நில இறக்கம்' எனலாம்.

இரா.

---

வணக்கம் அண்ணா,

நிலஞ்சார் நல்லாயிருக்கு. ஆனா 'நில இறக்கம்' எண்டால் எங்கட யாழ்ப்பாணத்துப் பக்கம் சரிவான காணியைத்தான் நினைப்பினம். ரோட்டில ஏத்தம் இறக்கம் எண்டுறதும் அதுதானே. அதோட, கிணத்துக்குள்ள கடல் தண்ணி வாறதுக்கும் ஒரு சொல் வேணும். எங்களுக்கு அதுதான் பெரிய பிரச்சினை.

செ.

---

செ.,

சரியான ஆட்சேபம். தமிழ்நாட்டிலும் 'இறக்கம்' என்றால் சாலைச் சரிவுதான் முதலில் நினைவுக்கு வரும். 'நிலமிறங்கல்' என்று தொழிற்பெயராக்கிவிட்டால் குழப்பம் தீரும். கிணற்று விஷயத்துக்கு 'உவர்நீர் ஊடுருவல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைக் கலைக்க வேண்டாம்.

'நிலஞ்சார் கடல்மட்டம்', 'நிலமிறங்கல்' இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுகிறேன். மறுப்பு இருப்பவர்கள் அதற்குள் எழுதுங்கள்.

இரா.