புது கமிட்டிக்கும் மேனேஜருக்கும் பயிற்சி: எங்கிருந்து ஆரம்பிப்பது?

செம்பூர்_64:
மும்பை செம்பூரில் 64 ஃபிளாட் உள்ள ஹவுசிங் சொசைட்டி (குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கம்). போன மாதம் தேர்தல் முடிந்து புது கமிட்டி வந்திருக்கிறது. முக்கால்வாசிப் பேர் முதல் தடவை. முழுநேர மேனேஜர் ஒருவர் இருக்கிறார், பி.காம் படித்தவர், சொசைட்டி வேலை புதிது. ஒரு நாள் செமினாருக்கு எல்லாரையும் அனுப்பினால் போதுமா? பாடம் எதில் ஆரம்பிக்க வேண்டும்? செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

மாட்டுங்கா_கணக்கு:
செலவுக் கேள்விக்கு முதலில் பதில். மாதிரி பைலாவில் (சொசைட்டிகளுக்கான துணைவிதிகள்) கல்வி, பயிற்சி நிதி என்று ஃபிளாட்டுக்கு மாதம் 10 ரூபாய் உண்டு. உங்கள் 64 ஃபிளாட்டுக்கு வருஷம் 7,680. பல சொசைட்டிகளில் இது பில்லில் வரும், ஆனால் யாரும் தொடுவதில்லை. வகுப்புகளுக்கு மும்பை மாவட்ட ஹவுசிங் ஃபெடரேஷனில் விசாரியுங்கள்.

செமினார் கேட்டுவிட்டு வருவதில் தப்பில்லை. ஆனால் 1960 மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் பிரிவுகளை மூன்று மணி நேரம் கேட்டவருக்கு மறுநாள் தன் சொசைட்டி பில்லைப் படிக்கத் தெரியாது. அதனால் முதல் வகுப்பை உங்கள் பில்லை வைத்தே நடத்துங்கள். ஒரு ஃபிளாட்டை எடுத்து, சாஃப்ட்வேரைத் திறக்காமல், ஒவ்வொருவரும் கையால் பில் போடட்டும்.

கமிட்டிகள் தடுக்கி விழுவது அநேகமாக மூன்று இடத்தில்:

சிங்கிங் ஃபண்ட் (பிற்காலத்தில் கட்டடத்தின் பெரிய வேலைகளுக்குச் சேர்த்து வைக்கும் பணம்) வருஷத்துக்குக் குறைந்தது 0.25%, ரிப்பேர் ஃபண்ட் 0.75%. இரண்டும் கட்டுமானச் செலவின் மேல். நில விலை சேராது, வாங்கின விலையும் இல்லை. 600 சதுர அடி, அடிக்கு 2,000 என்று வைத்தால் 12 லட்சம். சிங்கிங் மாதம் 250, ரிப்பேர் 750. இதையே ஒன்றரைக் கோடி வாங்கின விலையில் போட்டால் சிங்கிங் மட்டுமே மாதம் 3,125 ஆகிவிடும். சண்டை அங்கேதான் ஆரம்பம்.

வாடகைக்கு விட்டவரிடம் வாங்கும் கட்டணம் சர்வீஸ் சார்ஜில் (வாட்ச்மேன், ஆபீஸ், பொது விளக்கு போன்ற செலவு) 10%க்கு மேல் போகக்கூடாது. மொத்த பில்லில் 10% இல்லை. சர்வீஸ் சார்ஜ் 2,400 என்றால் 240, அவ்வளவுதான். அந்த சர்வீஸ் சார்ஜும் ஃபிளாட் சின்னதோ பெரியதோ எல்லாருக்கும் சமம்.

பாக்கிக்கு வட்டி: 2014 மாதிரி பைலாவில் உச்சவரம்பு 21%, தனிவட்டி. சில சாஃப்ட்வேர் போன மாத வட்டியை அசலில் சேர்த்துவிட்டு அதன் மேல் மறுபடி வட்டி போடும். செட்டிங்கை மேனேஜரே திறந்து பார்க்க வேண்டும். வசூல் வழக்கு என்று கூட்டுறவுச் சங்க ரிஜிஸ்ட்ரார் அலுவலகம் போனால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான்.

முலுண்ட்_ரமா:
மேலே சொன்னது டிரஷரருக்கு. செகரட்டரிக்கு என் கணக்கில் மினிட்ஸ்தான் (கூட்டக் குறிப்பு) முதல் பாடம். பழைய மினிட்ஸ் புத்தகத்திலிருந்து பெரிய செலவுத் தீர்மானம் ஒன்றை எடுத்து எல்லாரையும் படிக்கச் சொல்லுங்கள். "பெயின்டிங் வேலை பற்றிப் பேசப்பட்டது, கமிட்டி முடிவெடுக்கும்" என்று இருந்தால் அது தீர்மானமே இல்லை. எத்தனை கொட்டேஷன், யாருக்கு, எவ்வளவு தொகை, எந்த ஃபண்டிலிருந்து, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்: இந்த ஆறும் வர வேண்டும். அதே தீர்மானத்தைத் திருத்தி எழுதச் சொன்னால் அரை மணியில் புரிந்துவிடும்.

தேதிகள் கமிட்டி அறையின் சுவரில் இருக்கட்டும். ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) செப்டம்பர் 30க்குள். நோட்டீஸ் முழுசாக 14 நாள், அதாவது கொடுத்த நாளும் கூட்ட நாளும் சேராமல். கோரம் (கூட்டம் நடக்கக் குறைந்தபட்ச ஆள்) உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு அல்லது 20 பேர், எது குறைவோ அது, உங்களுக்கு 20. ஆடிட் ரிப்போர்ட் கைக்கு வந்தபின் மூன்று மாதத்தில் ஓ படிவத்தில் குறைநிவர்த்தி அறிக்கை, அதாவது ஆடிட்டர் சொன்ன குறைகளைச் சரிசெய்த விவரம். பல கமிட்டிகள் ஆடிட் வந்ததோடு வேலை முடிந்தது என்று ஃபைலை மூடிவிடும்.

டோம்பிவிலி_எஸ்டேட்:
மேனேஜரைக் கமிட்டியோடு ஒரே அறையில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுங்கள். தனியாகக் கொடுத்தால் எதை அவர் முடிக்கலாம், எதற்குக் கேட்க வேண்டும் என்ற எல்லை யாருக்கும் தெரியாமல் போகும். அந்த எல்லையை எழுத்தில் வையுங்கள்: இத்தனை ரூபாய் வரை பிளம்பர் கூப்பிடலாம், அதற்கு மேல் செகரட்டரி, அதற்கும் மேல் கமிட்டித் தீர்மானம்.

நெட்பேங்கிங்கில் மேனேஜர் பேமென்டை உள்ளிடலாம், அனுமதி கொடுப்பது கமிட்டி ஆள். நடைமுறையில் என்ன நடக்கிறது? ராத்திரி எட்டு மணிக்கு மேனேஜர் போன் போட்டு "சார், ஓடிபி சொல்லுங்க" என்பார், டிரஷரர் டிவி பார்த்தபடியே சொல்லிவிடுவார். இரண்டு பேர் பார்க்க வேண்டியதை ஒருவரே பார்த்தது போலத்தான். பயிற்சியில் இதை உடைத்துச் சொல்லுங்கள்.

கான்ட்ராக்டர் பில்லில் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) இன்னொரு ஓட்டை. ஒரே பில் 30,000 தாண்டினாலும், வருஷத்தில் மொத்தம் ஒரு லட்சம் தாண்டினாலும் பிடிக்க வேண்டும். தனிநபர் என்றால் 1%, பார்ட்னர்ஷிப்போ கம்பெனியோ என்றால் 2%. பெயின்டருக்கு முழுப்பணத்தையும் கொடுத்தபிறகு ஞாபகம் வந்தால் அது சொசைட்டி பணத்திலிருந்துதான் போகும்.

ஃபயர் சிஸ்டத்துக்கு ஜனவரி, ஜூலை இரண்டு தடவை லைசென்ஸ் உள்ள ஏஜென்சியிடம் பி படிவம் (சிஸ்டம் வேலை செய்கிறது என்ற சான்று) வாங்குவது மேனேஜர் வேலை. வாங்கும் முன் பம்பை ஓடவிட்டு மேல்மாடி ஹோஸில் தண்ணீர் வருகிறதா என்று கூடவே நின்று பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவர்கள் உண்டு.

செம்பூர்_64:
நன்றி. இன்னொன்று: கமிட்டியில் நான்கு பேருக்கு மராத்தி படிக்க வராது. ரிஜிஸ்ட்ரார் கடிதமெல்லாம் மராத்தியில்தான் வருகிறது.

முலுண்ட்_ரமா:
பைலா இங்கிலீஷிலும் கிடைக்கும், அதில் பிரச்சினை இல்லை. கடிதம் வந்த அன்றே மேனேஜர் இன்வர்ட் ரிஜிஸ்டரில் (வரும் கடிதங்களைப் பதியும் புத்தகம்) தேதியோடு ஏற்றி, என்ன கேட்கிறார்கள், எந்தத் தேதிக்குள் பதில் என்று இரண்டு வரி எழுதி கமிட்டி குரூப்பில் போடட்டும். மராத்தி படிக்கத் தெரிந்த ஒருவர் அதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். விசாரணை நோட்டீஸ் என்றால் குரூப்போடு நிறுத்தாதீர்கள், செகரட்டரிக்குப் போன் போடச் சொல்லுங்கள்.