நகசெண்டோ நடைப்பயணம்: வழிகாட்டியோடு போவதா, தனியாகவா?

கேள்வி:
நவம்பர் முதல் வாரம் நானும் அம்மாவும் ஜப்பான் போகிறோம். கியோட்டோவையும் டோக்கியோவையும் இணைத்த பழைய நெடும்பாதையான நகசெண்டோவில், கியோட்டோவில் தொடங்கி டோக்கியோவில் முடியும் நடைப்பயணம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வழிகாட்டி கூடவே வருவாராம். கட்டணத்தைப் பார்த்தால்தான் மலைப்பாக இருக்கிறது. அம்மாவுக்கு வயது 62, சுத்த சைவம், இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். பாதை முழுவதும் நடக்க வேண்டுமா?

பதில்:
வேண்டாம். எடோ காலத்துப் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) பாதை 500 கிலோமீட்டருக்கும் மேல். தங்கல் ஊர்களே 69. பெரும்பகுதி இன்று தார்ச்சாலை. கிசோ பள்ளத்தாக்கு போன்ற நல்ல பகுதிகளில் நடக்கவைத்து, மற்றதை ரயிலில் கடத்திவிடுவார்கள்.

பதில்:
நான் அப்படி வழிகாட்டியோடு போய்வந்தவள், தம்பி. வழி காட்ட ஆளே வேண்டாம். கிசோ பள்ளத்தாக்கில் மகோமே, சுமாகோ ஊர்களுக்கு இடையே திருப்பத்துக்குத் திருப்பம் பலகை இருக்கிறது. கரடியை விரட்ட வழியில் மணிகள் கட்டியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் ஒவ்வொன்றையும் கும்பிட்டுவிட்டுத்தான் அடித்தார்!

கொடுத்த பணம் இரவுச் சாப்பாட்டில்தான் செரித்தது. விடுதியில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக வரும். மீன் வேண்டாம் என்றால் உப்புத் தடவிச் சுட்ட ஆற்றுமீனை மட்டும் எடுத்துவிடுவார்கள். தெளிந்த சூப், வேகவைத்த கீரை, 'சோபா' என்ற நூடுல்ஸைத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் 'தாஷி' இருக்கும். பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் இறக்கிய சாறு அது. எங்கள் வழிகாட்டி முன்கூட்டியே ஒவ்வொரு விடுதிக்கும் போன் செய்து, 'கொம்பு' என்ற கடற்பாசியிலும் ஷீடாகே காளானிலும் சாறு இறக்கச் சொல்லிவிட்டார். அரைகுறை ஜப்பானிய மொழியில் இதைப் பேசி முடிக்க என்னால் ஆகாது. பணம் கட்டுமுன் உங்கள் நிறுவனம் இதைச் செய்யுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செய்யாது என்றால் அந்தக் கட்டணம் தண்டம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அம்மா. மகோமேயில் தொடங்கினால் சுலபம் என்கிறார்களே?

பதில்:
ஏற்றத்துக்கு அஞ்சுபவர்களுக்கு அது சரி. இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள கணவாய் சுமார் 800 மீட்டர் உயரம். அங்கிருந்து சுமாகோ பக்கம்தான் இறக்கம் நீளம். அம்மாவுக்கு இறக்கம்தானே பகை? சுமாகோவிலிருந்து மெதுவாக ஏறுங்கள், 8 கிலோமீட்டர்தான். நவம்பரில் பாவுகற்கள்மேல் ஈர இலை கிடக்கும், கைத்தடி கட்டாயம். அதே பாதையில் நராய், யபுஹாரா ஊர்களுக்கு நடுவே உள்ள தோரி கணவாய் 1197 மீட்டர். அதை அம்மாவுக்கு வைக்காதீர்கள். நராயிலிருந்து யபுஹாரா ரயிலில் அடுத்த நிலையம்தான்.