1951 செவர்லே 3100-ல் கம்மின்ஸ் 4பிடி இன்ஜின்: எது எங்கே இடிக்கும்?

கேள்வி (பெயர்: அரைடன்)

வண்டி 1951 செவர்லே 3100 பிக்கப். 216 கன அங்குல பெட்ரோல் இன்ஜின், ஸ்டீரிங்கில் கியர் போடும் மூணு கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் விகிதம் 4.11. எல்லாம் ஒரிஜினல். போடப் பார்ப்பது ரொட்டி டெலிவரி வேனிலிருந்து கழற்றிய கம்மின்ஸ் 4பிடி, நாலு சிலிண்டர் டர்போ டீசல்: 3.9 லிட்டர், 105 குதிரைத்திறன், வி.இ. ரோட்டரி டீசல் பம்ப், பின்னால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைல் வேகத்தில் ஓடணும், எப்போதாவது சின்ன டிரெய்லர் இழுக்கணும். பழைய கியர்பாக்ஸையும் ஆக்ஸிலையும் வைத்துக்கொண்டே முடித்துவிடலாமா? சேசிஸ் தாங்குமா?

பதில் 1 (பெயர்: கிரவுன்பினியன்)

இரண்டும் போகணும். காரணம் வலு மட்டும் இல்லை. 3100-ல் புரொப்பல்லர் ஷாஃப்ட் குழாய்க்குள்ளே ஓடுது, அந்த டார்க் டியூப் நேரா கியர்பாக்ஸ் முதுகிலேயே மாட்டியிருக்கு. கியர்பாக்ஸை மாற்றினால் டியூப் போயிடும், டியூப் போனால் அந்த ஆக்ஸிலை அப்படியே வைத்து ஓட்ட முடியாது. அதனால இன்ஜினுக்கு முன்னாடி பின் ஆக்ஸிலை முடிவு பண்ணுங்க.

கணக்கைப் பாருங்க. 28 அங்குல டயர், 4.11, நேர் கியரில் 65 மைல் என்றால் இன்ஜின் 3200 சுற்று. இந்த 4பிடியின் கவர்னர் 2500-ஐத் தாண்டி கொஞ்ச தூரத்திலேயே டீசலை அறுத்துடும். அந்த வேகத்தை நீங்க பார்க்கவே மாட்டீங்க. 3.55 ஆக்ஸிலும் 0.75 ஓவர்டிரைவும் போட்டால் அதே 65 மைலுக்கு ஏறக்குறைய 2080. இந்த இன்ஜினுக்கு அதுதான் சொகுசான இடம்.

கியர்பாக்ஸுக்கு என்வி4500, ஐந்து கியர் மேனுவல், ஐந்தாவதுதான் ஓவர்டிரைவ். 1994-க்குப் பிந்தைய டாட்ஜ் ரேம் டீசலில் வந்ததை அடாப்டர் பிளேட், பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டரோடு ஒரே செட்டா வாங்குங்க. ஆறு சிலிண்டர் 6பிடிக்குச் செய்த அந்த அடாப்டரும் ஃப்ளைவீலும் 4பிடியின் பின்பக்கத்தில் அப்படியே உட்காரும். உங்க இன்ஜினில் இப்போ இருப்பது ஆட்டோமேட்டிக்கின் ஃப்ளெக்ஸ் பிளேட், அது உதவாது. ஃப்ளைவீல் போல்ட் 137 நியூட்டன் மீட்டர்.

என்வி4500-ல் ஒரு பிறவிக் கோளாறு உண்டு: மெயின் ஷாஃப்டில் ஐந்தாவது கியரைப் பிடிக்கும் நட்டு, டீசலின் முறுக்கு அதிர்வில் மெல்லக் கழன்றுவிடும். கியர் பின்னால் நகர்ந்து ஐந்தாவது இல்லாமலே போயிடும். பாக்ஸ் கீழே இருக்கும்போதே பின் கவரைத் திறந்து, பூட்டு வைத்த நட்டா மாற்றிடுங்க. ஆயில் சிந்தெடிக் ஜி.எல்.-4, 75டபிள்யூ-85 மட்டும். கடைக்காரர் ஜி.எல்.-5 எடுத்துத் தந்தால் திருப்பிக் கொடுங்க.

ஆக்ஸிலுக்கு 1995–2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஹவுசிங் அகலம் பொருந்தும், டிஸ்க் பிரேக்கோடு வரும். ஆனால் அதில் வீல் போல்ட் ஐந்து, உங்க முன் வீலில் ஆறு. முன்னாலும் மாற்றாவிட்டால் இரண்டு ஸ்டெப்னி சுமக்கணும்.

பதில் 2 (பெயர்: பட்டறைப்பையன்)

சேசிஸ் பற்றி. இன்ஜின் மட்டும் ஏறக்குறைய 340 கிலோ. முறுக்குவிசை 360 நியூட்டன் மீட்டர், பழைய 216 கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்கு. 3100 சேசிஸ் ஒருபக்கம் திறந்த "சி" சட்டம். ரேடியேட்டர் குறுக்குச் சட்டத்திலிருந்து கியர்பாக்ஸ் குறுக்குச் சட்டத்தைத் தாண்டி ஒரு அடி வரை 5 மி.மீ. தகடு வைத்துப் பெட்டியாக மூடுங்க. ஒரே இழுப்பில் வெல்டு ஓட்டாதீங்க, சட்டம் வாழைப்பழமா வளையும். 50 மி.மீ. அடிச்சு, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் போங்க.

உயரத்துக்குக் கவலை இல்லை, இந்த பானெட் நல்ல உயரம். இடிப்பது கீழே. முன் ஐ-பீம் ஆக்ஸில் இன்ஜினுக்கு அடியில் வரும். 4பிடியில் ஆயில் சம்ப்பின் குழி முன்பக்கம் இருப்பதும் உண்டு, பின்பக்கம் இருப்பதும் உண்டு. வாங்குமுன் குனிந்து பாருங்க, உங்களுக்குப் பின்குழிதான் வேணும். பம்ப் இடதுபக்கம், ஸ்டீரிங் பாக்ஸும் அதே பக்கம். சின்ன வி.இ. பம்பா இருப்பது உங்க அதிர்ஷ்டம்.

இன்ஜின் உட்காரும் ஃபவுண்டேஷன் ரப்பர்தான் இந்த வேலையின் தலைவலி. நாலு சிலிண்டர், பேலன்ஸ் ஷாஃப்ட் கிடையாது; ஐடிலில் கண்ணாடி, கதவு, பல் எல்லாம் ஆடும். கெட்டியான பாலியூரித்தேன் போட்டால் அந்த ஆட்டம் முழுக்க கேபினுக்குள் வரும், பிராக்கெட்டும் விரிசல் விடும். திரவம் நிரப்பிய மென்மையான மவுண்ட் போடுங்க. இன்ஜினைச் சுற்றி எல்லாப் பக்கமும் 25 மி.மீ. இடம் விடுங்க, நிறுத்தும்போது அவ்வளவு உதறும். சைலன்சர் குழாய் 3 அங்குலம், டர்போவுக்குக் கீழே வளைந்து கொடுக்கும் ஒரு பெல்லோஸ் இல்லாவிட்டால் வெல்டு நிற்காது.

பிரேக்: டீசலில் மேனிஃபோல்ட் வேக்யூம் இல்லை, பூஸ்டருக்கு ஒண்ணும் கிடைக்காது. பவர் ஸ்டீரிங் பம்ப் ஓட்டும் ஹைட்ரோபூஸ்ட் போடுங்க, முன்னால் டிஸ்க், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். வேக்யூமில் ஓடிய வைப்பருக்கும் மின் மோட்டார் வேணும்.

அரைடன்

நன்றி. இன்ஜினைத் திறக்காமலே உள்ளே இறக்கலாம்னு இருந்தேன். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்தான்.

பதில் 3 (பெயர்: நாசில்)

ஓடிக்கொண்டிருந்தாலும் முன்கவரைத் திறங்க. டைமிங் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்த ஒரு சின்ன இரும்பு முளை (டோவல் பின்) இருக்கு. அது அதிர்விலே நழுவி டைமிங் கியருக்குள் விழுந்தால் கியரும் ஹவுசிங்கும் சேர்ந்து உடையும். பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு தகட்டு நாக்கு வைத்து பின்னை மறைத்தால் தீர்ந்தது. ஸ்டாண்டில் ஒரு மதியம், வண்டியில் இறக்கியபிறகு இரண்டு நாள். அப்படியே வால்வு கிளியரன்ஸும் பாருங்க: குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.50 மி.மீ.

உங்க டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளே. பெட்ரோல் கசடை முழுக்கக் கழுவுங்க. பம்பிலிருந்து டீசல் திரும்பி வர ரிட்டர்ன் லைன் வேணும், பழைய டேங்கில் அது இல்லை. சப்ளை 10 மி.மீ., ரிட்டர்ன் 8 மி.மீ., இரண்டும் டேங்கில் எதிரெதிர் மூலையில். பக்கத்தில் வைத்தால் திரும்பும் நுரையையே பம்ப் மறுபடி உறிஞ்சும். எந்த இடத்திலும் துத்தநாகம் பூசிய குழாய் வேண்டாம்.

6 வோல்ட் ஒயரிங் மொத்தமும் 12-க்குப் போகணும். பம்பின் ஷட்-ஆஃப் சோலனாய்டுக்கு இக்னிஷனில் மட்டும் கரண்ட் வரணும்; கட் ஆனால் இன்ஜின் நிற்கும். ஹீட்டர் பிளக் தேடாதீங்க, இது டைரக்ட் இன்ஜெக்ஷன்.

முதல் ஸ்டார்ட்: லிஃப்ட் பம்பின் கை நெம்பை அடித்து ஃபில்டர் ஸ்க்ரூவில் காற்று போகும்வரை விடுங்க. பிறகு நாலு நாசிலிலும் பைப் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, ஸ்டார்ட்டர் சுற்றி, டீசல் துப்பினதும் இறுக்குங்க. டர்போவின் காற்றுக் குழாயை அன்றைக்கு மாட்டாதீங்க. டர்போவின் வாயை மூடும் அளவுக்கு ஒரு பிளைவுட் துண்டை ஒருத்தர் கையில் பிடித்து நிற்கணும். இன்ஜின் தறிகெட்டு ஓடினால் சாவி கேட்காது, அந்தப் பலகைதான் கேட்கும்.

பட்டறைப்பையன்

பம்பில் டீசல் அளவைக் கூட்டும் ஃபுல் லோட் ஸ்க்ரூவைத் திருகி வலு ஏற்ற ஆசை வரும். எக்ஸாஸ்ட் வெப்பமானியை டர்போவுக்கு முன் மாட்டினபிறகு திருகுங்க, கால் கால் சுற்றா. ஐடில் தானாக ஏற ஆரம்பிச்சால் திரும்பி வந்துடுங்க.