முளைகட்ட மெஷின் வாங்கலாமா, பாட்டிலே போதுமா?

செங்காங்_புதுசு:
வணக்கம் எல்லாருக்கும். சிங்கப்பூர்ல நாலு ரூம் வீடு, கிச்சன் சின்னது. வீட்டுக்காரருக்கு சுகர் பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொன்னதுலேருந்து காலைல முளைகட்டின பயறு குடுக்கலாம்னு ஆரம்பிச்சேன். ஊர்ல அம்மா ஈரத்துணில முடிஞ்சு கிச்சன் மேடைல வச்சிடுவாங்க, மறுநாள் அழகா வால் விட்டிருக்கும். நானும் அப்படியே கட்டினேன், ரெண்டாவது நாள் பிரிச்சா புளிச்ச மாவு வாடை, நடுவுல இருந்த பயறெல்லாம் வழவழன்னு ஆயிடுச்சு. மூணு தடவை கட்டி மூணு தடவையும் குப்பைல. இப்ப ஆன்லைன்ல மூணு தட்டு வச்ச கரண்ட் மெஷின் 45 வெள்ளிக்கு பார்த்தேன், தானா தண்ணி தெளிக்குமாம். அதை வாங்கவா, இல்ல வலை மூடி போட்ட கண்ணாடி பாட்டிலா, பிளாஸ்டிக் அடுக்கு டப்பாவா? காலைல 7 மணிக்கு கிளம்பினா சாயங்காலம் 7க்குதான் வீடு, நடுவுல அலச ஆள் இல்ல. பச்சைப்பயறும் வெந்தயமும்தான் முக்கியமா.

பிடோக்_மாமா:
மெஷின வாங்குறதுக்கு முன்னாடி துணி ஏன் நாறுச்சுன்னு பாரும்மா. ஊர்ல காத்துல ஈரம் கம்மி, துணி மெல்லக் காஞ்சிக்கிட்டே இருக்கும். இங்க ராத்திரிலயும் 26, 27 டிகிரி, காத்துல எப்பவும் ஈரம், மழை வந்தா கேக்கவே வேணாம், கட்டின மூட்டை கட்டினபடி ஈரமா கிடந்து நடுவுல சூடேறி புளிச்சிடும். பயறு முளைக்கும்போது அதுவே சூடு விடும், மூட்டைக்குள்ள கைய வச்சுப் பாரு தெரியும். அதனால சிங்கப்பூருக்கு சாமான் வாங்கும்போது ரெண்டே கேள்விதான், தண்ணி முழுசா வடியுமா, கைய விட்டுத் தேய்ச்சுக் கழுவ முடியுமா.

நான் பத்து வருஷமா பாட்டில்தான். 1 லிட்டர் அகலவாய் பாட்டில், கைய உள்ள விடணும்ல, அதான். வாய் 86 மில்லிமீட்டர்னா வலை மூடி சுலபமா கிடைக்கும். மலிவு வலை ஆறு மாசத்துல துருப்பிடிச்சிடும், எவர்சில்வர்னு பார்த்து வாங்கு. பயறு நாலு டேபிள்ஸ்பூனுக்கு மேல போடாத. எல்லாரும் இங்கதான் ஆசைப்பட்டு அரை பாட்டில் ரொப்பிடுறாங்க, அப்புறம் அது ஊதி அடைச்சுக்கும். அலசின பிறகு தலைகீழா கவுத்தா பயறெல்லாம் மூடில போய் அடைச்சுக்கும், சாச்சு வை, பாத்திரம் கவுக்குற ராக்குல 45 டிகிரி மாதிரி, வைக்குறதுக்கு முன்னாடி பாட்டில ஒரு சுத்து சுத்தினா பயறு சுவத்துல பரவி ஒட்டிக்கும், நடுவுல காத்து போக வழி இருக்கும். மூடி தட்டுல அழுந்தி இருக்கக்கூடாது.

உன் நேரத்துக்கு: ராத்திரி 11 மணிக்கு ஊற வை, காலைல 6.30க்கு வடிச்சு ரெண்டு தடவை அலசி சாச்சுட்டு வேலைக்குப் போ. ஏழு எட்டு மணி நேரம் ஊறினா இந்த சூட்டுக்கு போதும், 12 மணி நேரம் ஊற வச்சா வாடை வரும். சாயங்காலம் 7க்கு ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணு அலசு. மறுநாள் காலைல வால் வந்திடும்.

உட்லண்ட்ஸ்_ராணி:
மாமா சொன்னதுதான். நான் அந்த கரண்ட் மெஷின் வாங்கி ஏமாந்தவ. மேல தெளிக்குற தண்ணி பயறு மேல பட்டு கீழ தொட்டிலயே விழும், அதையே திரும்ப இழுத்து தெளிக்கும், அதாவது அழுக்குத் தண்ணியே சுத்திச் சுத்தி வருது! ரெண்டு வாரத்துல உள்ள இருக்குற குட்டிக் குழாய்ல சளி மாதிரி ஒட்டிக்கிச்சு, பிரஷ் நுழையாது. இன்னொண்ணு, சிங்கப்பூர்ல தண்ணி தேங்கின தொட்டி வீட்டுல இருக்கலாமா? டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம்தான். கொசு செக் பண்ண வந்தவர் டார்ச் அடிச்சு அந்த தொட்டியத்தான் முதல்ல பார்த்தார், நல்லவேளை அன்னிக்கு காலைலதான் மாத்தியிருந்தேன். பாத்திர ராக்குக்கு அடில இருக்குற தட்டையும் மறக்காதீங்க, பாட்டில் வடிஞ்சு அங்கதான் நிக்கும்.

வெந்தயத்துக்கு பாட்டில் சரிப்படாது அக்கா, ஊறினா கொழகொழன்னு வலைய அடைச்சிடும். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் எந்தப் பாத்திரக்கடைலயும் தட்டையான எவர்சில்வர் சல்லடை இருக்கும், அதுல மெல்லிசா பரப்பி கீழ கிண்ணம், மேல தட்டு லேசா திறந்தாப்ல.

தௌகே_பிரியன்:
நான் கொஞ்சம் வேற கட்சி. நீங்க கேட்டது வால் விட்ட பயறு, அதுக்கு மெஷின் வேணாம், ஒத்துக்குறேன். ஆனா கடைல விக்குற குண்டு தௌகே, அதான் வெள்ளைத் தண்டு பயறு முளை, வேணும்னா பாட்டில்ல வராது, ஒல்லியா குச்சி குச்சியாதான் வரும். இருட்டுல வச்சு மேல பாரம் ஏத்தணும், நெருக்கி அழுத்துனா முளைல எத்திலீன் வாயு சேரும், அதனாலதான் தண்டு நீளாம பருக்குது. அடில ஓட்டை போட்ட டப்பா, ஈரத்துணி, தட்டு, மேல ரெண்டு கிலோ அரிசிப் பை. ஆனா மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணிய நல்லா ஊத்தி சூட்ட தணிக்கணும். லீவு நாள்ல முடியும், வேலை நாள்ல நடக்குற காரியமா? அதுக்குத்தான் மெஷின் வச்சிருக்கேன். காலை சாயங்காலம் தண்ணிய மாத்துறேன், தொட்டிய வெந்நி ஊத்திக் கழுவுறேன். சோம்பேறித்தனத்துக்குன்னு வாங்குனவங்களுக்கு அது ஆகாது.

ஜூரோங்_நர்ஸ்:
சாமான் பேச்சோட இதையும் கேட்டுக்குங்க. முளைக்குத் தேவையான சூடும் ஈரமும்தான் கிருமிக்கும் வேணும். 2011ல ஜெர்மனில ஈ கோலைங்கிற குடல் கிருமி பரவினப்ப 50 பேருக்கு மேல செத்தாங்க, கடைசில கைகாட்டினது எகிப்துலேருந்து வந்த வெந்தய விதைல முளைகட்டினதை. வெந்தயம்னு கேட்டதும்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. விதைலயே கிருமி இருந்தா எந்த பாட்டிலும் காப்பாத்தாது. அதனால எங்க வீட்டுல பச்சையா கிடையாது, ஆவி பறக்க வேகவச்சு தேங்காய் தாளிச்சு சுண்டலாத்தான். கர்ப்பிணி, சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க, எதிர்ப்பு சக்தி கம்மியானவங்க பச்சையா தொடவே வேணாம். ராஜ்மா முளைய யாரும் பச்சையா சாப்பிடாதீங்க, அதுல விஷச்சத்து இருக்கு. நடவுக்கு விக்குற விதைப் பாக்கெட்டும் வேணாம், மருந்து தடவியிருப்பாங்க.

செங்காங்_புதுசு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மெஷின் ஆசைய விட்டுட்டேன், அகலவாய் பாட்டிலும் ஒரு சல்லடையும் வாங்கினேன், ரெண்டும் சேர்ந்தே 20 வெள்ளிக்குள்ள. பயறு நேத்து வந்திடுச்சு, வாடையே இல்ல! ஆனா சல்லடைல வெந்தயத்தோட கொஞ்சம் கடுகும் போட்டுப் பார்த்தேன், கடுகு வேர்ல வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கு. பூஞ்சையா?

பிடோக்_மாமா:
தண்ணி ஊத்திப் பாரு. உடனே மறைஞ்சா அது வேர் மயிர், கடுகுக்கும் முள்ளங்கிக்கும் அப்படித்தான், அடுத்த அலசல் நேரம் வந்திடுச்சுன்னு அர்த்தம். வேர்ல மட்டும் இல்லாம நூலாம்படை மாதிரி விதைக்கு விதை தாவி, மக்குன வாடையும் அடிச்சா மொத்தமா கொட்டிடு, மேல மட்டும் எடுத்துட்டு மிச்சத்த வச்சுக்கலாம்னு பார்க்காத.

செங்காங்_புதுசு:
மறைஞ்சிடுச்சு மாமா. சல்லடைய கைப்பிடிக் குழாய்க்கு அடில நேராப் பிடிச்சதுல பாதி கடுகு சிங்க்குக்குள்ள போயிடுச்சு, அது வேற கதை.