பீட்டாவுக்கு மாறியதிலிருந்து பிரேக்பாயிண்ட்டில் நிற்கவில்லை
கோட் எடிட்டரின் பீட்டா பதிப்பைப் போட்டு மூன்று நாளாகிறது. அன்றிலிருந்து டைப்ஸ்கிரிப்ட் கோப்பில் வைக்கும் எந்த பிரேக்பாயிண்ட்டிலும் (ஓட்டத்தை நிறுத்த ஒரு வரியில் வைக்கும் குறி) டீபக்கர் (பிழை தேடும் கருவி) நிற்பதில்லை. ரன் கொடுத்ததும் சிவப்புப் புள்ளி வெற்றுச் சாம்பல் வட்டமாகிவிடுகிறது.

லினக்ஸ், நோட் 20. ஒரே ரெப்போவில் சிம்லிங்க்கால் (வேறு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு) இணைத்த நான்கு பேக்கேஜ்கள்.

எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திப் பார்த்தேன், கேஷை அழித்தேன். சரி, பழைய பதிப்புக்கே போய்விடலாம் என்று திரும்பினால் அங்கேயும் இதே கதை. சோர்ஸ் மேப் கோப்புகள் (பில்டான கோடின் வரிகளை மூலக் கோடின் வரிகளோடு பொருத்துபவை) பில்டில் ஒழுங்காக உருவாகின்றன. கோடுக்குள் debugger என்ற கட்டளையை நானே ஒரு வரியாக எழுதினால் நிற்கிறது. ஆனால் பில்டான ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் போய் நிற்கிறது. இரண்டே கோப்புள்ள புது புராஜெக்டில் சிக்கலே இல்லை.

டீபக்கர் சோர்ஸ் மேப்பை எந்தப் பாதையில் தேடுகிறது என்று எங்கே பார்ப்பது?